காற்புள்ளிக்குப் பின்

கார்வர்ஸ்பர்க், அயோவா
9 அக்டோபர் 1946

அன்புத் தம்பி எமிலுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வேலை இருக்கும்போது நேரத்தைத் திருடியாவது எழுதிவிடுகிறேன். வேலை இல்லாதபோது பேனாவை எடுக்கவே தோன்றவில்லை.

ஆம், மூன்று வாரமாக ஆலை மூடிக் கிடக்கிறது. லிடா என்றே பழகிவிட்டு, உதவித்தொகைக் காகிதத்தில் லுட்மிலா என்று முழுப் பெயரை எழுதியபோது யாரோ அந்நியரின் பெயர் போலிருந்தது. நான் பன்றிக்கறி சீவும் பிரிவிலும் உன் அத்தான் ருடி வெட்டுக்கூடத்திலும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு நிலைமையைப் பார்த்ததில்லை. பண்ணைக்காரர்கள் மாடுகளை அனுப்ப மறுக்கிறார்கள். அரசாங்கம் கறிக்கு உச்சவிலை வைத்திருக்கும்வரை ஒரு வாலைக்கூடக் கண்ணில் காட்ட மாட்டார்களாம். அந்த விலையை வைக்கும் அலுவலகத்தில்தான் என் தம்பி குமாஸ்தா என்று கடை வரிசையில் நான் யாரிடமும் மூச்சு விடுவதில்லை.

நேற்று ஹவ்லிக் கசாப்புக் கடையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண், "சண்ட முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. ஜெயிச்சது நாமதானா, எதுக்கும் ஒருதடவ விசாரிச்சுச் சொல்லுங்க" என்றாள். ஹவ்லிக் வெறும் கொக்கிகளைக் காட்டி, "மாட்டு நாக்கு ஒண்ணு இருக்கு. இந்த ஊர்ல பேசாத நாக்கு அது ஒண்ணுதான், வேணுமா?" என்றார். வாங்கிவந்தேன். ருடி தின்றார், நான் முட்டைக்கோஸோடு நிறுத்திக்கொண்டேன்.

தேர்தல் சுவரொட்டி எல்லா மரத்திலும் இருக்கிறது. வக்கீல் ஸ்லேட் பிரதிநிதிகள் சபைக்கு நிற்கிறார். அவர் படத்துக்குக் கீழே 'பட்டது போதாதா?' என்று இரண்டே சொல். உன் அத்தான் அவருக்குத்தான் வோட்டுப் போடுவாராம். இதற்காக ஆன்டன் க்ரால் அண்ணனோடு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறையில் பெரிய வாக்குவாதம். க்ரால் அண்ணன் எங்கள் சங்கத்துக்குச் செயலாளர் ஆனபிறகுதான் பெண்களுக்கு உட்கார நாற்காலி வந்தது என்று உனக்கு எழுதியிருக்கிறேன். வேலையில்லாத வீடு ஒவ்வொன்றுக்கும் அவரே உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறார். எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

சண்டை ஓய்ந்தபின் மனசு விட்டுப் பேசினார். முப்பத்து நான்காம் வருடம், வேலையில்லாத காலத்தில், அவர் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் சீட்டு வாங்கினாராம், மூன்று வருடத்தில் அவர்களோடு சண்டை போட்டு அதைக் கிழித்து எறிந்தும் விட்டாராம். "யாரு சோறு போட்டாலும் கும்பிடற நெலம லிடா. சூப்பு குடிக்கப் போனேன், சீட்டு குடுத்தாங்க. அப்பறம் எதச் சொன்னாலும் கைதட்டுன்னாங்க, முடியாதுன்னு வந்துட்டேன்" என்றார். இதையெல்லாம் மறைக்காமல் சொல்கிற மனிதர் எத்தனை பேர் இருக்கிறார்கள், சொல்.

கல்யாணம் எப்போது? கேட்டால் பதில் வராது என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

உன் அக்கா,
லிடா

வாஷிங்டன்
24 நவம்பர் 1946

அன்புள்ள அக்கா,

கறிக்கு விலைக் கட்டுப்பாடு போய்விட்டது, உங்கள் ஆலை திறந்துவிட்டது என்று செய்தித்தாளில் பார்த்து மகிழ்ந்தேன். அதே தாளில் எங்கள் அலுவலகத்தைக் கலைக்கிற செய்தியும் இருந்தது. கிறிஸ்துமஸோடு எனக்கு வேலை இல்லை.

ஆனால் கவலைப்படாதே. ஸ்லேட் ஜெயித்து இங்கே வீடு பார்க்க வந்திருந்தார். போய்ப் பார்த்தேன். நம் ஊர்க்காரன் என்றதும் ஜனவரியிலிருந்து தன் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டார். விலைக் கட்டுப்பாட்டைத் திட்டி ஜெயித்தவரிடம், அதே கட்டுப்பாட்டுக்குக் கணக்குப் பார்த்தவன் சேர்கிறான். சிரித்துக்கொள். நீ ஆலையில் நின்ற நிற்பில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு தெருவில் நிற்க மனம் வரவில்லை.

உன் கடிதங்களை மதிய இடைவேளையில் படிக்கிறேன். இங்கே எல்லாரும் அட்டவணைகளைப் பார்த்து நாட்டைத் தெரிந்துகொள்கிறார்கள். எனக்கு உன் சமையலறை போதும். நிறைய எழுது. எதையும் விடாதே.

அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி,
எமில்

கார்வர்ஸ்பர்க்
4 மே 1947

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நேராகவே சொல்கிறேன்.

சங்கங்களின் கையைக் கட்டப்போகிற புதிய தொழிலாளர் சட்டத்துக்காக உங்கள் ஸ்லேட் சபையில் பேசியதை நம் ஊர்ப் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. 'என் சொந்த ஊரில், ஆயிரம் பேர் வேலை பார்க்கும் இறைச்சி ஆலையின் சங்கச் செயலாளர் கம்யூனிஸ்ட் கட்சிச் சீட்டு வாங்கியவர்' என்று சொல்லியிருக்கிறார். பெயர் இல்லை. பெயர் எதற்கு? இந்த ஊரில் எத்தனை ஆலை, எத்தனை செயலாளர்?

மறுநாளே ஆலையில் க்ரால் அண்ணனின் அலமாரிக் கதவில் சிவப்பு பெயின்ட் பூசியிருந்தார்கள். அவர் சுற்றிச்சுற்றி வந்து கிழங்கு கொடுத்த வீடுகளிலிருந்தே ஆட்கள் எதிர்ப்பக்கம் நடக்கிறார்கள். வியாழக்கிழமை மாலை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அந்தச் சேதிய நான் பத்து வருஷத்துல ஒரே ஒரு மேஜையிலதான் சொன்னேன் லிடா. என் பொண்டாட்டி வெளிய சொல்ல மாட்டா, என்கூட சேந்து அந்த சூப்பக் குடிச்சவ அவ" என்றார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ருடியைப் பார்த்தார்.

"என்ன, என்னையா பாக்குற?" என்றார் உன் அத்தான்.

"நான் யாரையும் பாக்கல ருடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எமில், அந்த மேஜையில் மூன்று பேர்தான் இருந்தோம். ருடி ஸ்லேட்டுக்கு வோட்டுப் போட்டார். அவர் கூட்டத்துக்கும் போனார். அன்றைக்கு க்ரால் அண்ணனோடு சண்டையும் போட்டார். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன். "நீங்க யார்கிட்டயாவது வாய விட்டீங்களா?" என்று. தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். "பதினேழு வருஷம் குடும்பம் நடத்திட்டு நீ என்கிட்ட கேக்கற கேள்வியா இது?" என்றார். இல்லை என்று சொல்லவில்லை. அதுதான் என்னை அரிக்கிறது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன?

நீ அந்த அலுவலகத்திலேயே இருக்கிறாய். யார் சொன்னார்கள் என்று கேட்டுப் பார்த்து எனக்கு எழுத முடியுமா? ருடி என்றாலும் மறைக்காதே. தெரிந்துகொள்வது மேல்.

அக்கா லிடா

வாஷிங்டன்
19 மே 1947

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மிகவும் வருந்தினேன்.

திரு. ஸ்லேட்டுக்கு மாவட்டத்திலிருந்து தினமும் கட்டுக்கட்டாகக் கடிதம் வருகிறது. பெயர் போடாத கடிதங்களும் உண்டு. பேச்சைப் பலர் சேர்ந்து தயாரிப்பார்கள். குறிப்பிட்ட ஒரு விவரம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது கடினம். விசாரித்தேன். தெரியவில்லை.

அத்தானைச் சந்தேகிக்காதே. அவர் அப்படிப்பட்டவர் அல்ல.

இத்துடன் நைலான் காலுறை இரண்டு ஜோடியும் நல்ல காப்பித்தூளும் அனுப்பியிருக்கிறேன். இங்கே வேலை அதிகம். அடிக்கடி எழுத முடியாது, தவறாக எடுத்துக்கொள்ளாதே.

எமில்

கார்வர்ஸ்பர்க்
2 ஜூன் 1948

அன்புத் தம்பிக்கு,

ஒரு வருடமாக நாம் இருவரும் வாழ்த்து அட்டை எழுதுகிற மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறோம். நான் நடந்ததைச் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் நீ கவலைப்படுவாய் என்பதுதான். இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. அதனால் சொல்கிறேன்.

அந்தச் சட்டம் வந்தபின் சங்கப் பொறுப்பில் இருக்கிற ஒவ்வொருவரும் 'நான் கம்யூனிஸ்ட் இல்லை' என்று சத்தியக் காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். க்ரால் அண்ணன் உண்மையாகவே போடலாம். ஆனால் சங்கத்து வக்கீல், "சபையில உன்னப் பத்திப் பேசினது அச்சாகிக் கெடக்கு. நீ கையெழுத்துப் போட்டா, பொய்ச் சத்தியம்னு உள்ள தூக்கிப் போட ஒருத்தன் காத்துட்டிருப்பான்" என்று பயமுறுத்திவிட்டார். போடாவிட்டால் சங்கத்துக்கே கேடு. ஆகஸ்டில் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

போட்டுக்கொடுத்தவர் அவர்தான் என்று பேச்சு பரவி, உன் அத்தானுடன் வெட்டுக்கூடத்தில் யாரும் பேசவில்லை. கத்தி தீட்டும் கம்பியைக் கேட்டால் தரையில் வைப்பார்களாம், கையில் தரமாட்டார்களாம். நவம்பரில் அவர் தன் தம்பியின் பண்ணைக்குப் போய்விட்டார். நான் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை.

மார்ச்சில் வேலைநிறுத்தம். அறுபத்தாறு நாள் ஆலை வாசலில் நின்றோம். க்ரால் அண்ணன் சாதாரண ஆளாக, அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் பின்னால் நடந்தார். ருடியும் தினமும் பண்ணையிலிருந்து வந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் தனியாக ஒரு பீப்பாயில் தீ மூட்டிக்கொண்டு நின்றார். யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. செய்தவன்தான் இப்படி நிற்பான் என்று நினைத்தேன். மே மாதம் மாநிலப் படை துப்பாக்கியோடு லாரியில் வந்து இறங்கியது. ஆலை முன்பே தருகிறேன் என்ற அதே கூலிக்கு உள்ளே போனோம். வாசலில் திரும்ப எடுக்கப்படாதவர்கள் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். முதல் பெயர் ஆன்டன் க்ரால். ஐம்பத்தாறு வயதில் அவரை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

இந்த வீட்டில் இப்போது நான் மட்டும்தான். ஒரு வாரம் வந்து என்னோடு இருந்துவிட்டுப் போ எமில். உன்னைப் பார்த்தால் கொஞ்சம் தெம்பு வரும். எனக்கு நம்பிப் பேச இப்போது நீ ஒருவன்தான் மிச்சம்.

அக்கா லிடா

வாஷிங்டன்
13 ஜூன் 1948

அக்கா,

அன்புள்ள என்று எழுதிப் பார்த்தேன். அந்தச் சொல்லைப் போட எனக்கு யோக்கியதை இல்லை.

அத்தான் யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

எப்படி என்பதையும் எழுதிவிடுகிறேன். போன வருடம் மார்ச்சில் அந்த மசோதா விவாதத்துக்கு வரவிருந்தது. நான் சேர்ந்து இரண்டரை மாதம். அலுவலகத்தில் என்னை 'விலைக்காரன்' என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய வேலையின் தீட்டு. ஒருநாள் ஸ்லேட் எல்லோரையும் கூப்பிட்டு, "பேச்சுல உயிர் இல்லயே. நம்ம ஊர்லேருந்து ஏதாவது வேணும்யா. மூணு வரி போதும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, ஒங்க அக்கா அந்த ஆலையிலதான இருக்காங்க?" என்றார்.

உன் கடிதம் என் இழுப்பறையில் இருந்தது. எடுத்துப் படித்தேன். நீ எழுதிய வாக்கியத்தில் ஒரு காற்புள்ளி இருக்கிறது. க்ரால் சீட்டு வாங்கினாராம், காற்புள்ளி, மூன்று வருடத்தில் கிழித்து எறிந்துவிட்டாராம். நான் காற்புள்ளி வரைக்கும் தட்டச்சு செய்தேன். அங்கே முற்றுப்புள்ளி வைத்தேன். கை நழுவி அல்ல, அவசரத்தில் அல்ல. மீதியையும் தட்டினால் அது பேச்சுக்கு உதவாது என்று எனக்குத் தெரியும். பெயரைப் போடவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். செயலாளர் என்று போட்டதும் நான்தான்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அவர் அதைச் சபையில் படித்தபோது நான் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். கை தட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா. வெளியே வந்து அவர் என் தோளைத் தட்டினார், அன்றிலிருந்து யாரும் என்னை விலைக்காரன் என்று கூப்பிடவில்லை. அன்று மதியம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு உன் கடிதம் வந்தது. யார் சொன்னார்கள் என்று என்னையே கேட்டிருந்தாய். அப்போதே எழுதியிருக்கலாம். அத்தான் உன்னோடு இருந்தார், க்ரால் பொறுப்பில் இருந்தார், எல்லாம் திருத்தக்கூடியதாக இருந்தது. விசாரித்தேன், தெரியவில்லை என்று எழுதினேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டு உனக்குக் காலுறை வாங்கப் போனேன்.

அத்தான் சாலைக்கு அந்தப் பக்கம் தனியாக நின்றார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அது உனக்குத் தெரியவேண்டியதில்லை. பரிதாபத்துக்காகச் சொல்வதுபோல் இருக்கிறது. அந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

எமில்

கார்வர்ஸ்பர்க்
11 ஜூலை 1948

எமிலுக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று வேலைக்குப் போகவில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்கிறேன். உனக்கு அதை எழுதியது எனக்கு மறந்துபோகவில்லை. பத்திரிகையில் அந்த வரியைப் பார்த்த நிமிடமே என் கையெழுத்து கண்முன் வந்தது. உடனே அதைத் தள்ளிவிட்டேன். பதினேழு வருடம் கூடப் படுத்து எழுந்த மனிதனைச் சந்தேகிக்க எனக்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. உன்னைச் சந்தேகிக்க மனசு ஒப்பவில்லை. மேஜையில் மூன்று பேர் என்று எண்ணினேனே, நான்காவது ஆளை அங்கே உட்காரவைத்தவள் நான். அது தெரிந்தும் எண்ணவில்லை. எல்லாவற்றையும் உன் தலையில் கட்டிவிட்டு நான் கை கழுவ முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்குப் போனேன். ருடி வேலிக் கம்பத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். கடிதத்தைக் கொடுத்தேன். மண்வெட்டியைச் சாய்த்துவைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"சின்னப் பையன், பயந்துட்டான்" என்றார். உன்னைத்தான்.

நான் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் குழியைப் பார்த்துக்கொண்டே, "அவன் எழுதினது போகட்டும் லிடா. நீ கேட்டியே, அதான். நான் இல்லன்னு சொல்லணும்னு எதிர்பாத்தியே. இல்லன்னு சொல்ல வேண்டிய எடத்துல நான் இருந்தேன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றார். வீட்டுக்கு வாருங்கள் என்றேன். அறுவடை முடியட்டும் என்றார். மாட்டேன் என்று சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் இப்போது நாளை ஓட்டுகிறேன்.

பிறகு இருவருமாக க்ரால் அண்ணன் வீட்டுக்குப் போனோம். கன்சாஸ் சிட்டியில் மகள் வீட்டுக்குக் குடிபோக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ருடியைப் பார்த்ததும் அவர் மனைவி உள்ளே போய்விட்டார். அண்ணன் நின்றபடியே படித்தார். படித்து முடித்து ருடியிடம் கையை நீட்டினார். ருடி கொஞ்சம் யோசித்துத்தான் பிடித்தார். "ஒன்ன அந்தப் பக்கம் நிக்க விட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார் அண்ணன்.

கிளம்பும்போது என்னிடம் ஒன்று கேட்டார். "ஒன் தம்பி இன்னும் அந்த ஆளுகிட்டதான் வேல பாக்கறானா?"

எனக்குப் பதில் தெரியவில்லை எமில். உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அது அதில் இல்லை.

லிடா

வாஷிங்டன்
1 ஆகஸ்ட் 1948

அக்கா,

க்ரால் கேட்டதற்குப் பதில்: ஆம். உன் கடிதம் வரும் நாள்வரை அவரிடம்தான் இருந்தேன். நீ கேட்ட பிறகுதான் விலகினேன். முன்பே விலகிவிட்டதாக எழுத ஒரு நிமிடம் ஆசை வந்தது, அதனால்தான் தேதியோடு சொல்கிறேன்: ஜூலை 16.

நம் ஊர்ப் பத்திரிகைக்கு என் பெயர் போட்டு எழுதினேன். உன் வாக்கியத்தை முழுதாகக் கொடுத்து, பாதியில் நிறுத்தியது நான் என்றும் எழுதினேன். ஐந்தாம் பக்கத்தில், விதை விளம்பரத்துக்குக் கீழே போட்டார்களாம். கன்சாஸ் சிட்டி முகவரி கேட்டுச் சங்கத்துக்கும் எழுதினேன். பதில் இல்லை. பால்டிமோரில் ஒரு கிடங்கில் கணக்கெழுதும் வேலை கிடைத்திருக்கிறது.

அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டாரா? க்ரால் எப்படியிருக்கிறார், ஏதாவது வேலை கிடைத்ததா? நீ பழைய பிரிவில்தான் இருக்கிறாயா? ஆலையில் உன்னை யாராவது ஏதாவது சொல்கிறார்களா? நான் வரலாமா? வரவேண்டாம் என்றால் அதையாவது எழுது. முன்புபோல் எழுது அக்கா, திட்டியாவது எழுது.

எமில்

கார்வர்ஸ்பர்க்
14 நவம்பர் 1948

அன்புள்ள எமிலுக்கு,

உன் கடிதங்கள் நான்கும் கிடைத்தன. தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன வாரம் நல்ல மழை. சோள அறுவடை எல்லா இடத்திலும் முடிந்துவிட்டது. இந்த வருடம் விளைச்சல் அதிகம் என்கிறார்கள். தேர்தல் முடிவைப் பத்திரிகையில் பார்த்திருப்பாய். வெண்ணெய் விலை சிறிது இறங்கியிருக்கிறது. கடைத்தெருவில் புதிய விளக்குகள் போட்டிருக்கிறார்கள். குளிர் சீக்கிரம் வரும் போலிருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
லுட்மிலா